கணக்கில் வராத கோப்பை: லா ஸ்பெத்சியா, 1944

1

பனிமய மாதா கோயிலில் ஜூலை 26-ஆம் தேதி கொடி ஏறிவிட்டால் ஆகஸ்டு 5 வரைக்கும் தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்களில் யாருக்கும் வேலை ஓடாது. நான் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த காலத்தில் அந்த நாட்களை ஒட்டித் தெருக்களுக்குள் கால்பந்துப் போட்டி வைப்பார்கள். ஒரு வருஷம் இறுதி ஆட்டத்தில், சங்கு குளிக்கப் போகிறவர்கள் நிறைந்த ஒரு தெருவின் பையன்கள், ஊரில் பேர்போன ஓர் அணியை ஜெயித்துவிட்டார்கள். பூட்ஸ் கிடையாது, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன்கூடக் கிடையாது. ஆட்டம் முடிந்து அரைமணி நேரம் கமிட்டிக்காரர்கள் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். பிறகு ஒருவர் எழுந்து சொன்னார்: "அவங்க மெயின் ஆளுக ரெண்டு பேரு இன்னைக்கி வரல. அதனால இத ஃபைனல்னு எடுத்துக்கிட முடியாது. நட்பு ஆட்டம்னு வச்சிக்கிடுவோம். கப்ப வாங்கிட்டுப் போங்க. போர்டுல மட்டும் பேரு எழுத மாட்டோம்."

கூட்டத்தில் நின்ற ஒரு பெரியவர், பல வருஷம் கடலில் முங்கிக் காது மந்தமாகிப்போனவர், சத்தமாகக் கேட்டார்: "அப்ப நாங்க இத்தன வருசம் முங்கி எடுத்த சங்கும் நட்புக்கு எடுத்ததுதானாக்கும்?"

சிரித்தார்கள். கமிட்டிக்காரரும் சிரித்தார். போர்டில் பேர் ஏறவில்லை.

இத்தாலியின் லா ஸ்பெத்சியா என்ற துறைமுக ஊரின் அணிக்கு 1944-இல் நேர்ந்ததைப் படித்தபோது அந்தப் பெரியவரின் குரல்தான் முதலில் காதில் விழுந்தது. மைதானத்தில் ஜெயிப்பது ஒன்று. ஜெயித்ததாக எழுதப்படுவது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பதை அந்த ஒரு பருவத்தை முன்வைத்து யோசித்துப் பார்க்கலாம். விளையாட்டைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எழுதுவது குறைவு. ஆனால் இது விளையாட்டோடு முடிந்துபோகிற கேள்வியும் இல்லை.

2

முதலில் ஒரு தற்செயல். ஸ்பெத்சியா கால்பந்துக் கழகம் 1906 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கப்பட்டது. ஆறு நாள் கழித்து, அக்டோபர் 16-ஆம் தேதி, வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. இதற்கு உள்ளர்த்தம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் துறைமுக ஊர்களுக்கென்று ஒரு பொதுக்குணம் உண்டு. வெளியே இருந்து வருகிற சரக்கு, வெளியே இருந்து வருகிற விளையாட்டு, வெளியே இருந்து வருகிற துப்பாக்கி எல்லாம் முதலில் இறங்குவது அங்கேதான். தலைநகரத்தின் கணக்குப் பிள்ளைகள் அந்த ஊர்களைச் சரக்கு இறங்கும் இடமாகப் பார்ப்பார்களே தவிர, சரித்திரம் நடக்கும் இடமாகப் பார்ப்பதில்லை.

லா ஸ்பெத்சியா வடமேற்கு இத்தாலியில், லிகூரியக் கடற்கரையில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஒன்றுபட்ட இத்தாலி அங்கே பெரிய கடற்படைத் தளத்தையும் கப்பல் பட்டறையையும் கட்டியது. ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. பட்டறைத் தொழிலாளி, மாலுமி, ஆயுதத் தொழிற்சாலைக் கூலி என்று உழைக்கிற சனங்கள் நிறைந்த ஊர். அணியின் மைதானத்துக்கு ஆல்பெர்த்தோ பிக்கோ என்று பேர். அவர் அணியின் முதல் தலைவர். 1915-இல் முதல் உலகப் போரில் செத்துப்போனவர். ஒரு கால்பந்து மைதானத்தின் பேரே யுத்தச் சாவிலிருந்து வந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அணி பெரிய அணி அல்ல. 1942-43 பருவத்தில் அது இரண்டாம் அடுக்கில், அதாவது சீரி பி-யில், ஆடிக்கொண்டிருந்தது.

3

இந்த 'அடுக்கு' எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் இத்தாலியக் கால்பந்து பிராந்தியக் குழுக்களாகத்தான் நடந்தது. அந்தந்த வட்டாரத்தில் ஆடி, ஜெயித்தவர்கள் மேலே போவார்கள். 1926-இல் பாசிச அரசு கால்பந்து நிர்வாகத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. 1929-30 பருவத்திலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே முதல் பிரிவு, சீரி ஏ. அதற்குக் கீழே சீரி பி, அதற்கும் கீழே மற்றவை. தேசம் ஒன்று, தலைவர் ஒருவர், பட்டியல் ஒன்று. 1934-லும் 1938-லும் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது அந்த வெற்றிகளை முசோலினியின் அரசு எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்பது பலரும் எழுதிய விஷயம். பலரும் எழுதாதது இந்த அடுக்கு முறையைப் பற்றி. யார் யாரோடு ஆடலாம், யார் யாருக்கு எதிரே நிற்கவே முடியாது என்பதை அது முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. அடுக்குகளோடு பிறந்து வளர்ந்த நமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

கிராம்ஷி டூரினில் பத்திரிகையாளராக இருந்தபோது, 1918-இல், கால்பந்தையும் சீட்டாட்டத்தையும் ஒப்பிட்டு ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். திறந்த வெளியில் எல்லாருக்கும் தெரிந்த விதிகளோடு நடக்கும் போட்டியைக் கால்பந்திலும், மூடிய அறையின் சந்தேகத்தையும் ஏமாற்றையும் சீட்டாட்டத்திலும் பார்த்தார். பின்னால் அவரைச் சிறையில் போட்ட ஆட்சி, விளையாட்டின் விதிகளை எழுதுகிற அறையையே மூடிவைத்துக்கொண்டது. மைதானம் திறந்துதான் கிடந்தது. சீட்டாட்டம் கமிட்டி அறைக்குப் போய்விட்டது.

4

1943 ஜூலை 25-ஆம் தேதி முசோலினி பதவியிழந்தார். செப்டம்பர் 8-ஆம் தேதி இத்தாலி நேச நாடுகளோடு போர் நிறுத்தம் செய்துகொண்ட செய்தி வெளியானது. அன்று இரவே லா ஸ்பெத்சியாவிலிருந்து கடற்படைக் கப்பல்கள் புறப்பட்டன. மறுநாள் 'ரோமா' என்ற போர்க்கப்பலை ஜெர்மன் விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். ஊருக்குள் ஜெர்மானியர் நுழைந்தார்கள். வடக்கு இத்தாலியில் முசோலினியை மறுபடி உட்காரவைத்து ஒரு பொம்மை அரசை நிறுவினார்கள். சலோ குடியரசு என்று அதைச் சொல்வார்கள்.

நாடு இரண்டாகக் கிழிந்த பிறகு ஒரே முதல் பிரிவு எப்படி நடக்கும்? ரயில் பாதைகள் குண்டுவீச்சில் கிடந்தன. ஆகவே 1943-44 பருவத்துக்கு வடக்கே பழைய பிராந்தியக் குழு முறைக்கே திரும்பினார்கள். முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு அணிகள் எல்லாம் வட்டார வாரியாக ஒரே குழுவில். அதிகாரம் பார்த்துப் பார்த்துக் கட்டிய ஏணி குண்டு விழுந்து உடைந்த பிறகுதான், கீழ்ப்படியில் நின்றவன் மேல்படிக்காரனோடு ஒரே தரையில் நிற்க முடிந்தது. 1944-இல் நடந்தவற்றுக்கெல்லாம் வழி விட்டது இந்த உடைசல்தான்.

ஸ்பெத்சியா கழகத்தின் நிலைமையோ மோசம். 1943 முழுக்க ஊர் குண்டுவீச்சுக்கு ஆளாகியிருந்தது. கழகத் தலைவர் ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார். அணி கலைந்துவிடும் என்றிருந்த நேரத்தில் ஊரின் தீயணைப்புப் படை அதை எடுத்துக்கொண்டது. 42-ஆவது தீயணைப்புப் படையின் பேரில் ஆட்டக்காரர்கள் பதிவானார்கள். தீயணைப்புக்காரன் என்ற சீட்டு கையில் இருந்தால் கட்டாய ராணுவத்துக்கோ ஜெர்மனியில் கட்டாய வேலைக்கோ பிடித்துப்போக மாட்டார்கள். உயிர் பிழைக்கக் கிடைத்த ஓட்டை அது. வேலை பேருக்கு மட்டும் இருந்த வேலையும் அல்ல. தீயணைக்கிறவனுக்கு ஓய்வே இல்லாத காலம்.

அணிக்கு வண்டி கிடையாது. தீயணைப்பு வண்டியிலேயே ஊர் ஊராகப் போனார்கள். சொந்த மைதானத்தில் ஆட வழியில்லாததால், மலைக்கு அந்தப்பக்கம் எமிலியா பிராந்தியக் குழுவில் சேர்க்கப்பட்டு, 'சொந்த ஊர்' ஆட்டங்களைக் கார்ப்பி என்ற சின்ன ஊரில் ஆடினார்கள். கார்ப்பியை மறந்துவிட வேண்டாம். திரும்ப வருவோம்.

பயிற்சியாளர் ஒத்தாவியோ பார்பியெரி. எதிரணியின் தாக்குதலை நேருக்கு நேர் தடுப்பவர்களுக்குப் பின்னால், யாரையும் குறிப்பாகப் பிடிக்காமல் தனியாக ஒரு தடுப்பாளரை நிறுத்தினார். பின்னாளில் இத்தாலியக் கால்பந்தின் அடையாளமாகவே ஆகிப்போன அந்த முறையின் முன்னோடிகளில் ஒன்றாக இதைச் சொல்வதுண்டு. பலம் குறைந்தவன் பலசாலியோடு மோதும்போது கண்டுபிடிக்கிற சூழ்ச்சி. சங்கு குளிக்கிறவன் மூச்சைச் சேர்த்துவைப்பதுபோல.

5

கடைசிச் சுற்றுக்கு மூன்று அணிகள் வந்தன: டொரினோ, வெனிஸ், ஸ்பெத்சியா. எல்லா ஆட்டமும் மிலான் நகரின் அரேனா மைதானத்தில்.

டொரினோ சாதாரண அணி அல்ல. 1943-இல் லீக் பட்டத்தையும் இத்தாலியக் கோப்பையையும் ஒரே பருவத்தில் தட்டிச்சென்ற அணி. வலென்தினோ மத்சோலா, எத்சியோ லோயிக் இருவரையும் 1942-இல் வெனிஸ் அணியிடமிருந்து வாங்கியிருந்தது. இப்போது சில்வியோ பியோலாவும் கூட. 1938 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஹங்கேரிக்கு எதிராக 2 கோல் போட்டவர். டொரினோ அந்தப் பருவத்தில் ஆடியது 'டொரினோ ஃபியட்' என்ற பேரில். கார்த் தொழிற்சாலையின் ஊழியர்கள் என்ற சீட்டுதான் அவர்களையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதே ஃபியட்டில் 1943 மார்ச்சில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1944 மார்ச்சில் வடக்கு இத்தாலி முழுக்க வேலைநிறுத்தம் பரவியது. பிடிபட்டவர்கள் ஜெர்மானிய முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரே கம்பெனியின் பேர் ஆட்டக்காரனுக்குக் கவசமாகவும் தொழிலாளிக்குச் சிறைவாசலாகவும் இருந்தது.

1944 ஜூலை 9: ஸ்பெத்சியா - வெனிஸ், 1-1.

ஜூலை 16: ஸ்பெத்சியா - டொரினோ. ஸ்பெத்சியாவுக்காக ஆஞ்செலினி 2 கோல் போட்டார். டொரினோவுக்குப் பியோலா ஒன்று. 2-1.

ஜூலை 20: டொரினோ வெனிஸை 5-2 என்று அடித்து நொறுக்கியது. அதனால் பயன் இல்லை. வெற்றிக்கு 2, சமனுக்கு 1 என்று புள்ளி கொடுத்த காலம். ஸ்பெத்சியாவுக்கு 3, டொரினோவுக்கு 2, வெனிஸுக்கு 1.

ஜூலை 16 அன்று மைதானத்தில் இறங்கிய ஸ்பெத்சியாக்காரர்களின் பேர்களை இங்கே எழுதிவிடுகிறேன்: பானி, பேர்சியா, பொர்ரினி, அமெந்தா, கிரமாலியா, ஸ்கர்ப்பாத்தோ, ரொஸ்தாஞ்ஞோ, தொம்மாசேயோ, ஆஞ்செலினி, தோரி, கோஸ்தா. ஏன் எழுதுகிறேன் என்பது கட்டுரையின் முடிவில் தெரியும்.

6

ஆகஸ்டில் கால்பந்துச் சம்மேளனத்தின் தீர்ப்பு வந்தது. நடந்தது தேசியப் பட்டம் அல்ல, சம்மேளனக் கோப்பை மட்டும்தான். 1943-இன் பட்டம் டொரினோவிடமே இருக்கும். பட்டம் வென்ற அணி மறு பருவம் சட்டையில் அணிகிற சின்னக் கேடயம், இத்தாலியர்கள் 'ஸ்கூதெத்தோ' என்பது, ஸ்பெத்சியாவுக்கு இல்லை. கப்பை வாங்கிட்டுப் போங்க, போர்டுல பேரு எழுத மாட்டோம்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாசிசத்தின் நிழலில் நடந்த போட்டி என்பதால்தான் பிற்கால ஜனநாயகம் அதை ஏற்கவில்லை என்று நினைக்கத் தோன்றும். அப்படி நினைத்தால் மனசுக்குச் சமாதானமாகவும் இருக்கும். ஆனால் ஸ்பெத்சியாவின் பட்டத்தை மறுத்தது எதிர்ப்பாளர்களின் அரசு அல்ல. சலோ குடியரசின் எல்லைக்குள் இயங்கிய அதே வடக்குச் சம்மேளனம்தான் போட்டியையும் நடத்தியது, முடிவு பிடிக்காமல் போனதும் பேரையும் மாற்றியது. போர் முடிந்து, பாசிசம் விழுந்து, குடியரசு வந்த பிறகும் அந்தத் தீர்ப்பு அப்படியே இருந்தது. ஆட்சி மாறியது. பேரேடு கைமாறியது. அதில் எழுதியிருந்தது மாறவில்லை.

விளைவு என்ன? டொரினோ 1943-இல் பட்டம் வென்றது. பிறகு 1946, 1947, 1948, 1949 என்று நான்கு. 1949 மே 4-ஆம் தேதி அந்த அணி சென்ற விமானம் சூபெர்கா குன்றில் மோதி 31 பேர் இறந்தார்கள். இத்தாலியே அழுத சாவு அது. அந்த அழுகையில் பொய் இல்லை. ஆனால் 'தொடர்ந்து ஐந்து பட்டம்' என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள் அல்லவா, அந்தத் 'தொடர்ந்து' என்ற வார்த்தையைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். 1944-ஐ எடுத்துவிட்டால்தான் அந்தத் தொடர்ச்சி கிடைக்கும். பெருங்கதையாடல்களுக்குள் இருக்கும் தொடர்ச்சிகள் பலவும் இப்படி நடுவில் எதையோ உருவியெடுத்து ஒட்டியவைதான்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. 1911 ஜூலை 29-ஆம் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் வென்றது. அதுவும் 2-1. வெறுங்காலோடு ஆடியவர்கள் வெள்ளைக்காரனை ஜெயித்தார்கள் என்று அந்த வெற்றி இன்றுவரை பாடப்படுகிறது. இரண்டு வெற்றிக்கும் ஸ்கோர் ஒன்றுதான். ஒன்றைத் தூக்கிக்கொள்ள ஒரு தேசியம் தயாராக இருந்தது. இன்னொன்றைத் தூக்கிக்கொள்ள யாரும் இல்லை. பாசிஸ்டுக்கு அது தேவைப்படவில்லை, எதிர்ப்பியக்கத்துக்காரனுக்கும் தேவைப்படவில்லை. தீயணைப்புப் படையைத் தேசிய நாயகனாக்கி யார் கதை சொல்வார்கள்? ஒரு வெற்றி நினைவில் நிற்க, ஜெயித்தால் மட்டும் போதாது. அதை ஏந்திக்கொள்ள ஒரு கதையாடல் முன்பே காத்திருக்க வேண்டும்.

58 வருஷம் கழித்து, 2002 ஜனவரியில், சம்மேளனம் மனம் இறங்கியது. ஸ்பெத்சியாவின் வெற்றிக்கு 'கௌரவ' மதிப்புக் கொடுத்தது. சட்டையில் மூவர்ணச் சின்னம் ஒன்றைக் குத்திக்கொள்ளலாம். ஆனால் அது ஸ்கூதெத்தோவுக்குச் சமம் அல்ல. கௌரவம் என்பது எவ்வளவு வசதியான சொல் பாருங்கள். கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கணக்கில் ஏறாத மாதிரியும் ஆயிற்று. ஸ்பெத்சியா தன் சரித்திரத்தில் முதல் தடவையாகச் சீரி ஏ-வுக்குள் நுழைந்தது 2020-இல்தான். 2023-இல் மறுபடி கீழே இறங்கியது.

7

இதுவரைக்கும் சொன்னதில் நம் போன்றவர்களுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. சின்ன அணி, பெரிய அணி, மறுக்கப்பட்ட நீதி. விளிம்புநிலை வரலாறு எழுதுகிறவர்களுக்குக் கைவந்த சட்டகம். இங்கேயே முடித்தால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கார்ப்பி இருக்கிறதே.

கார்ப்பியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஃபொஸ்ஸோலி என்று ஓர் இடம். அங்கே இருந்தது ஒரு முகாம். யூதர்களையும் அரசியல் கைதிகளையும் சேர்த்துவைத்து ஜெர்மானிய முகாம்களுக்கு ரயில் ஏற்றி அனுப்புகிற இடம். 1944 பிப்ரவரி 22-ஆம் தேதி கார்ப்பி ரயில் நிலையத்திலிருந்து ஆஷ்விட்ஸுக்குப் புறப்பட்ட வண்டியில் இருந்தவர்களில் ஒருவர் பிரீமோ லெவி. ஆஷ்விட்ஸில் நடந்ததைப் பின்னால் உலகத்துக்கு எழுதிச் சொன்னவர். அந்த வண்டியில் 650 பேர் என்று எழுதியிருப்பவரும் அவர்தான். அந்தப் பருவத்தில் ஸ்பெத்சியாவுக்குச் 'சொந்த ஊர்' அதே கார்ப்பி.

இன்னொரு தேதி. ஜூலை 9-ஆம் தேதி மிலானில் ஸ்பெத்சியா - வெனிஸ் ஆட்டம். ஜூலை 16-ஆம் தேதி டொரினோவுடன் ஆட்டம். இரண்டுக்கும் நடுவில், ஜூலை 12-ஆம் தேதி விடியலில், ஃபொஸ்ஸோலி முகாமின் அரசியல் கைதிகள் 67 பேரைக் கார்ப்பிக்குப் பக்கத்தில் சிபேனோ துப்பாக்கிப் பயிற்சித் திடலில் ஜெர்மானியர் சுட்டுக் கொன்றார்கள்.

இதை வைத்து ஆட்டக்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. அவர்கள் உயிர் பிழைக்கத்தான் தீயணைப்புச் சீட்டு வாங்கினார்கள். குண்டு விழுந்த வீடுகளில் நெருப்பு அணைப்பதும் இடிபாட்டில் சிக்கியவர்களைத் தூக்குவதும் அந்தப் படையின் வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தவறாமல் நடப்பது ஆக்கிரமிப்பு அரசுக்குத் தேவையாக இருந்தது. எல்லாம் வழக்கம்போல இருக்கிறது என்று காட்ட, பந்து ஓடும் மைதானத்தைவிட நல்ல சாட்சி ஏது? அந்த வழக்கம்போல-வுக்குள்ளேதான் ரயிலும் ஓடியது.

ஆக, மறைக்கப்பட்ட ஒரு வெற்றியை மீட்டெடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. சாம்பியன்களின் பட்டியலில் விட்டுப்போன ஒரு பேரைச் சேர்த்துவிட்டால் வரலாறு சரியாகிவிடுமா? பட்டியலில் டொரினோ இருந்த இடத்தில் ஸ்பெத்சியா வந்தாலும் சிபேனோ திடல் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் கிடக்கும். எதிர்-வரலாறு என்று நாம் எழுதுவது பல சமயம் அதே பேரேட்டில் நமக்கும் ஒரு வரி கேட்கிற மனுவாகச் சுருங்கிவிடுகிறது. அடித்தள மக்களின் வரலாறு துண்டு துண்டாகத்தான் கிடைக்கும் என்று கிராம்ஷி சிறையில் எழுதினார். துண்டுகளைப் பொறுக்கி வெற்றிக் கோப்பை ஒன்று செய்துகொள்ளும் ஆசை நமக்குள் இருக்கிறது. அந்த ஆசையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். ஸ்பெத்சியாவுக்கு நியாயம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அதே மூச்சில் கார்ப்பியையும் சொல்ல வேண்டும்.

8

அந்த 1944-இல் இத்தாலியில் நம் ஆட்களும் இருந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன், பிப்ரவரி 24-ஆம் தேதி, மிஞ்ஞானோ அருகே, கூட இருந்தவர்களைக் காப்பாற்ற வெடிக்கப்போகும் கண்ணிவெடி மேல் விழுந்து செத்தார். கார்ப்பியிலிருந்து லெவியின் ரயில் புறப்பட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சுப்ரமணியனுக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். பதக்கம் கொடுத்ததால் பேர் தெரிகிறது. அவரோடு கப்பல் ஏறிப்போன மற்றவர்களை நமக்கு எப்படித் தெரியும்? படைப்பிரிவின் எண்ணாகத் தெரியும்.

எண்ணாகத் தெரிவது தூத்துக்குடிக்குப் பழக்கமான விஷயம். வெள்ளைக்காரன் காலத்து முத்துச் சலாபக் கணக்குகளை எடுத்துப் பாருங்கள். ஜேம்ஸ் ஹார்னெல் 1905-இல் மதராஸ் அரசுக்குக் கொடுத்த அறிக்கை மன்னார் வளைகுடாவின் பார்களைப் பற்றி நுணுக்கமாகப் பேசும். எந்தப் பாரில் சிப்பி எவ்வளவு, எந்த வருஷம் சலாபம் நடந்தது, எந்த வருஷம் சிப்பி அழிந்தது என்று எல்லாம் உண்டு. எடுத்த சிப்பியை மூன்று பங்காகப் பிரித்து, இரண்டை அரசு எடுத்துக்கொள்ள, ஒன்று குளித்தவர்களுக்கு. சாதித் தலைவருக்கு உரிமைப் பங்கு உண்டு. ஆகவே அவர் பேர் ஆவணத்தில் உண்டு. பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களுமாகக் கல்லைக் கட்டிக்கொண்டு அடியில் போனவர்கள், மேலே கயிறு பிடித்து நின்றவர்கள், இவர்களெல்லாம் தோணிக்கு இத்தனை பேர் என்ற கணக்கில் அடக்கம். சுதந்திரத்துக்குப் பிறகு 1955 தொடங்கி 1961 வரை சலாபங்கள் நடந்தன. அதற்குப் பிறகு தூத்துக்குடியில் சலாபமே இல்லை. அந்தக் கடைசிச் சலாபத்தில் குளித்தவர்களின் பேர்ப்பட்டியலை வரலாற்றுப் புத்தகம் எதிலும் நான் பார்த்ததில்லை. எத்தனை சிப்பி என்று கேட்டால் புத்தகம் பதில் சொல்லும்.

இது அரசின் குற்றம் மட்டும்தானா? 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மார்ச்சில் கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் பெற்று ஜெயித்தார்கள். வ.உ.சி., சிவா இருவரின் பேரும் நமக்கு மனப்பாடம். அவர்கள் கொடுத்த விலையும் தெரியும். வ.உ.சி.க்கு அந்த ஜூலையில் 40 வருஷத் தண்டனை விதித்தார்கள், பிறகு குறைத்தார்கள். 1912 முடிவில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை. இதெல்லாம் சொல்லவேண்டியதே. ஆனால் மில்லில் தறி ஓடாமல் நிறுத்திய சனங்களில் எத்தனை பேரின் பேர் நம் மேடைகளில் சொல்லப்பட்டிருக்கிறது? நூற்றாண்டு விழா எடுத்தோம். சிலை வைத்தோம். போர்டு எழுதுகிற கமிட்டியில் இப்போது நாமும் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை உணரவில்லை.

கடைசியாக என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது, சங்குகுளித் தெருப் பையன்கள் ஜெயித்த அந்த ஆட்டம் எந்த வருஷம் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கமிட்டிக்காரர் சொன்ன வாக்கியம் வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. பெரியவர் கேட்டதும் நினைவிருக்கிறது. ஆடிய பதினொரு பேரில் மூன்று பேரின் பேரைத்தான் சொல்ல முடிந்தது. மிலான் மைதானத்தில் எண்பது வருஷத்துக்கு முன்னால் ஆடிய பதினொரு பேரையும் மேலே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

போன வாரம் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். கோப்பை இருக்கிறது. ஒரு வீட்டுப் பரணில், கைப்பிடி ஒன்று உடைந்து, உள்ளே தூண்டில் முள்ளும் ஈயக்குண்டும் போட்டுவைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மா கணக்காகச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரரு அன்னைக்கி பேக்கு ஆடுனாரு தம்பி. மிச்சப் பேரையெல்லாம் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க." எழுதத் தொடங்கினேன். ஏழாவது பேரில் நிறுத்தி, பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார்.